இன்டர்காம் பேனல் மாட்டுகிறவர்களுக்கு: முதலில் எர்த்தைப் பாருங்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் திருவிழா, ஜல்லிக்கட்டு, கும்பாபிஷேகம் என்று நேரலை வேலைக்கு வருகிற தம்பிகள் என்னிடம் கேமராவைப் பற்றிக் கேட்பார்கள், கேமராப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டுகிற ஸ்விட்சரைப் பற்றிக் கேட்பார்கள். இன்டர்காமைப் பற்றிக் கேட்பவர்கள் அபூர்வம். காதில் மாட்டிக்கொண்டு பேசுகிற சாமான்தானே, பிளக்கைச் சொருகினால் வேலை செய்யும் என்கிற நினைப்பு. எனக்கு வேலையே அந்தப் பெட்டிகளோடுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சித்திரைத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். சித்ரா பௌர்ணமி அதிகாலையில் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். ஆற்றுக்குள்ளும் பாலத்திலும் கரையிலும் எங்கு பார்த்தாலும் தலைகள். செல்போனில் ஓர் அழைப்பு போய்ச் சேராது. 'கோவிந்தா' கோஷத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ஆற்று மணலில் மேடை மேல் நிற்கிற கேமராக்காரர், நேரலை வண்டிக்குள் இருக்கிற டைரக்டர், ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்கிற எலக்ட்ரீஷியன், இந்த மூன்று பேரும் அப்போது பேசிக்கொள்ள இன்டர்காமை விட்டால் வழியில்லை. அடுத்த ஷாட் எது என்று கேட்பதற்கு மட்டும் அல்ல. மேடைக் கால் மணலில் இறங்குகிறது, கூட்டம் தடுப்பைச் சாய்க்கிறது, எங்கிருந்தோ வயர் கருகுகிற வாடை வருகிறது என்றால் அதைச் சொல்வதற்கும் அதுதான். அதனால்தான் வண்டியிலிருந்து முதலில் இறங்க வேண்டியதும், வேலை முடிந்து கடைசியில் ஏற வேண்டியதும் இன்டர்காம் என்று பிடிவாதமாகச் சொல்லிவருகிறேன். மற்றவர்கள் உயரத்தில் ஏறி வேலை செய்யும்போது பேச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மேடையில் லைட் கட்டுகிறவருக்கும் கீழே ஸ்விட்சு போடுகிறவருக்கும் நடுவில் "போடட்டுமா", "பொறு" என்கிற இரண்டு வார்த்தை சரியாகப் போய்ச் சேர்ந்தால் எத்தனையோ காரியம் நல்லபடியாக முடியும்.

நம் பக்கம் இரண்டு வகை புழங்குகிறது. ஒன்று பார்ட்டி லைன். வண்டியில் ஒரு மெயின் ஸ்டேஷன், ஆளுக்கொரு பெல்ட்பேக் (ஹெட்செட் சொருகி இடுப்பில் மாட்டுகிற சின்னப் பெட்டி), எல்லாரும் ஒரே லைனில். 1968இல் தொடங்கிய கிளியர்-காம் நிறுவனத்தின் முறையில், மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் 1 பொது, 2இல் 30 வோல்ட் டி.சி., 3இல் பேச்சு. இன்னொன்று மேட்ரிக்ஸ். நடுவில் எல்லா லைனும் வந்து சேருகிற ஒரு ஃபிரேம், சுற்றிலும் 19 அங்குல ரேக்கில் மாட்டிய கீ பேனல்கள். ஒரு கீயை அழுத்தினால் கேமரா 2க்கு மட்டும், இன்னொன்றை அழுத்தினால் எல்லாருக்கும் என்று நாம் வகுத்துக்கொள்ளலாம். எந்த வகையாக இருந்தாலும் ரேக்கில் உட்காருகிற பெட்டிக்குப் பெரும்பாலும் 230 வோல்ட் கரண்ட் போகும். அந்தப் பெட்டியோடு வயர் வழியாக ஒருவரின் காதும் கன்னமும் சேர்ந்திருக்கின்றன. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயில் கும்பாபிஷேகம். எங்கள் வண்டிக்கு ஜெனரேட்டர். கோயில் மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு ஈ.பி. கரண்ட். மண்டபத்துக்குள் வர்ணனை சொல்பவருக்காக ஒரு பேனல் வைத்து, அதற்கும் அங்கேயே ஈ.பி. பிளக்கில் கரண்ட் எடுத்திருந்தார்கள். வண்டியையும் மண்டபத்தையும் கேபிளால் இணைத்ததும் எல்லார் காதிலும் 'உம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். நான் வண்டிக்குள் ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சத்தம் சட்டென்று நின்றது. வயரிங் பார்க்க வந்திருந்த அண்ணன் சந்தோஷமாக வந்தார்.

"சத்தம் போச்சா தம்பி?"

"போச்சுண்ணே. என்ன பண்ணீங்க?"

"பிளக்குல மேல இருக்க தடிப் பின்னை எடுத்துவிட்டேன். அவ்ளோதான்."

மண்டபத்துக்கு ஓடிப்போய் ரேக்கின் ஓரத்தில் டெஸ்டரை வைத்தேன். உள்ளே செம்மஞ்சளாக மினுக்கியது. மல்டிமீட்டரின் ஒரு முனையை ரேக்கிலும் இன்னொரு முனையை மெயின் பெட்டியின் எர்த் கம்பியிலும் வைத்தபோது 110 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. கல்தரையைக் கழுவிவிட்டு ஈரம் காயவில்லை. கோயில் என்பதால் எல்லாரும் வெறுங்கால். வர்ணனை சொல்ல வந்திருந்த பெரியவர் ஹெட்செட்டை எடுக்கக் கை நீட்டினார். "ஐயா, தொடாதீங்க, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பிளக்கை உருவிப்போட்டேன்.

அண்ணனுக்கு மனசு சங்கடமாகிவிட்டது. "இத்தனை வருஷமா இப்படித்தானே எடுத்துவிடுறோம், ஒண்ணும் ஆனதில்லையே" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, நம் ஊரில் பரவலாக இருக்கிற பழக்கம் அது. அதனாலேயே என்ன நடக்கிறது என்பதை அவரிடம் பைய உட்கார்ந்து விளக்கினேன். இங்கேயும் அதைச் சொல்கிறேன்.

இந்த மாதிரி பேனல்களின் உள்ளே இருக்கிற பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்து உலோகக் கூட்டுக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து கூட்டுக்கு இன்னொன்று வைத்திருப்பார்கள். எர்த் ஒழுங்காக இருந்தால் அதன் வழியே வருகிற துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த்தை வெட்டினால் போக வழியில்லாமல் கூடு அந்தரத்தில் நின்று, 230இல் பாதியளவு வோல்ட்டைக் காட்டும். ஒரு பெட்டியிலிருந்து கசிவது பெரும்பாலும் 1 மில்லி ஆம்பியருக்கும் கீழே. கை வைத்தால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பேனல், மானிட்டர், மிக்சர், கன்வெர்ட்டர் என்று எட்டுப் பத்து சாமான் இருந்தால் எல்லாக் கசிவும் ஒன்றாகக் கூடும். தொட்டவர் வழியாகத்தான் அது மண்ணுக்குப் போகும். சுமார் 10 மில்லி ஆம்பியர் உடம்பில் பாய்ந்தால் பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகும். 30ஐத் தாண்டி நீடித்தால் இதயத்துக்கே ஆபத்து.

இதை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எர்த் இல்லாத பெட்டிக்குள் என்றைக்காவது ஃபேஸ் வயர் கூட்டில் பட்டுவிட்டால், முழு 230 வோல்ட்டும் கூட்டில் நிற்கும். எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுகிற ஸ்விட்சு) விழாது, ஃபியூஸ் போகாது, பேனலில் லைட் எல்லாம் அழகாக எரியும், யாருக்கும் தெரியாது. எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் அந்த நொடியே கரண்ட் எர்த் வயர் வழியாகப் பாய்ந்து, எம்.சி.பி.யோ, கரண்ட் கசிந்தால் விழுகிற ஆர்.சி.சி.பி.யோ விழுந்திருக்கும். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்தப் பெட்டிகளின் உள்ளே பழுது வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

சரி, அப்படியானால் அந்த 'உம்ம்' சத்தத்தை என்ன செய்வது? அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வழி தெரியும். ஜெனரேட்டரின் எர்த் ஓரிடத்தில், மண்டபத்தின் எர்த் வேறோரிடத்தில். இரண்டுக்கும் நடுவில் சில வோல்ட் வித்தியாசம் இருக்கும். நாம் ஒரு கேபிளைப் போட்டு இணைத்ததும் அந்த வித்தியாசம் கேபிளின் ஷீல்டு (உள்வயர்களைச் சுற்றிய உலோக உறை) வழியாக ஓடத் தொடங்குகிறது. 50 ஹெர்ட்ஸ் கரண்ட் என்பதால் காதில் அதே 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கேட்கின்றன. பேச்சு போகிற வயரில்தான் வைத்தியம் பார்க்க வேண்டும், கரண்ட் வயரில் அல்ல.

முதல் வழி, முடிந்தவரை எல்லா இன்டர்காம் சாமானுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் கொடுப்பது. அன்றைக்கு மண்டபத்துப் பேனலுக்கு எங்கள் ஜெனரேட்டர் லைனிலிருந்தே, எர்த்தோடு சேர்த்து மூன்று கோர் கேபிள் இழுத்தோம். இரண்டாவது, ஒலிபெருக்கி மிக்சரிலிருந்து வருகிற நிகழ்ச்சி ஒலிக்கு நடுவில் ஓர் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். உள்ளங்கையளவு டப்பா. ஒலி காந்தப்புலம் வழியாக அந்தப் பக்கம் போய்விடும், வயருக்கு வயர் தொடர்பு இருக்காது. இந்த இரண்டையும் செய்ததும் இரைச்சல் அடங்கியது. இன்னும் தூரம் அதிகமென்றால் ஃபைபர் போடலாம். கண்ணாடி இழையில் கரண்ட் ஓடாது, மழைக்காலத்து இடி மின்னலுக்கும் அது பாதுகாப்பு. அந்த டிரான்ஸ்பார்மர் டப்பா இரண்டு எப்போதும் பையில் இருந்தால் யாரும் பின்னை உடைக்க வேண்டியிருக்காது. அந்த அண்ணனிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அவர் வயரிங் பார்க்கிற இடத்தில் எங்கள் ஆட்கள் தைரியமாக வேலை பார்க்கிறார்கள்.

பிளக்கைச் சொருகுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. பந்தல் போட்ட இடத்துத் தற்காலிக இணைப்பை நான் ஒருபோதும் நம்புவதில்லை. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230க்குப் பக்கத்தில், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 90, 140 என்று ஏதாவது காட்டினால் எர்த் எங்கேயோ அறுந்திருக்கிறது. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றுவிட்டால் நம் சாமானுக்கு 400 வோல்ட் வரை ஏறிவிடலாம். 'நியூட்ரல் போயி தெருவுல இருந்த டிவியெல்லாம் புகைஞ்சிருச்சு' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே கதைதான். அதனால் மற்றவர்கள் லைட்டெல்லாம் போட்ட பிறகு, லோடு ஏறியிருக்கும்போது, இன்னொரு தடவை அளக்க வேண்டும். காலி லைனில் அளந்தால் தளர்ந்த நியூட்ரல் அகப்படாது.

மல்டிமீட்டர் ரொம்பக் கொஞ்சம் கரண்டைத்தான் இழுக்கும். அதனால் ஒரே ஒரு இழையில் ஒட்டிக்கொண்டிருக்கிற எர்த்தைக்கூட நன்றாக இருக்கிறது என்று காட்டிவிடும். அனுபவப்பட்ட எலக்ட்ரீஷியன்கள் குண்டு பல்பு டெஸ்ட் லேம்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துப் பார்ப்பார்கள். பிரகாசமாக எரிந்தால் வயர் அறுபடவில்லை. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் அது உடனே விழும், அதுவும் நல்ல செய்திதான், ஆர்.சி.சி.பி. உயிரோடு இருக்கிறது. ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை. எர்த் அறுந்திருந்தால் அந்தச் சோதனை நடக்கிற நேரத்தில் எர்த் லைனோடு சேர்ந்த எல்லா இரும்பிலும் கரண்ட் ஏறும். ஆகவே சாமான்களை இணைப்பதற்கு முன்னால், யாரும் எதையும் தொடாதபோது, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது. எர்த் குழியின் தரத்தை பல்பு சொல்லாது. அதற்கு எர்த் டெஸ்டர் தனியாக இருக்கிறது. ஆற்று மணலிலோ வயல் மேட்டிலோ ஜெனரேட்டர் நிறுத்தினால் எர்த் கம்பியை நன்றாக ஆழமாக அடித்து, தண்ணீர் ஊற்றி, பிறகு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த மணலில் அரை அடி சொருகிய கம்பி எர்த் ஆகாது.

பேனலின் மூடியைக் களத்தில் கழற்றாதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் பவர் சப்ளையின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் நிற்கலாம். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர், அதே வகை. வெள்ளிக் காகிதம் சுற்றுவது, கம்பி வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். புது ஃபியூஸும் உடனே போனால் உள்ளே பழுது, பேனலை ஒதுக்கி வையுங்கள்.

ரேக்கில் மாட்டுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கனமான சாமான் கீழே, நாலு ஸ்குரூவும் போட வேண்டும், பின்னால் கேபிளின் பாரம் கனெக்டரில் தொங்கக்கூடாது, பேனலின் வளைகிற மைக்கைப் பிடித்துத் தூக்கக்கூடாது. ரேக்கின் சட்டத்தையே தனியாக ஒரு பச்சை வயரில் எர்த் பண்ணிவிடுங்கள்.

வெயில்தான் நம் ஊரில் பெரிய பிரச்சினை. பல பேனல்களுக்குச் சுற்றுப்புற வெப்பம் 40 அல்லது 45 டிகிரி வரைதான் என்று போட்டிருப்பார்கள். சித்திரை மாதத்து மதுரையில் நிழலிலேயே 40ஐத் தொட்டுவிடும். வெயிலில் நிற்கிற கறுப்புப் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வண்டியில் ஏ.சி. ஓடிக் கொஞ்ச நேரம் ஆன பிறகே பேனல்களுக்குக் கரண்ட் கொடுக்கிறோம். வெளியே வைக்கிற பேனலுக்கு மேலே தகரம் போடாமல் கீற்றோ துணிப் பந்தலோ போட்டு, பின்புறம் காற்றுக்கு ஒரு சாண் இடம் விடுகிறோம். காற்றுத் துளையை மறைத்து ஸ்கிரிப்ட் பேப்பரையும் துண்டையும் வைக்கிற பழக்கத்தை விட வேண்டும். ரேக் சூடாகிறது என்று ஈரச் சாக்கைப் போர்த்துகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். கரண்ட் ஓடுகிற பெட்டி மேல் ஈரச் சாக்கு, நினைத்தாலே பகீர் என்கிறது. குளிர்ந்த வண்டியிலிருந்து பேனலை வெளியே எடுத்தவுடன் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும் என்பதால், பெட்டியோடு வெளியே வைத்து அது வெளிச்சூட்டுக்கு வந்த பிறகே ஆன் பண்ணுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். அழகர் திருவிழாவில் பக்தர்கள் தோல்பையில் தண்ணீர் நிரப்பிச் சாமி மேல் பீய்ச்சுவது நேர்த்திக்கடன். அது நடக்கிற இடத்தில் நம் கேமராவும் இருக்கும். தண்ணீர் பீய்ச்சாதீர்கள் என்று அவர்களிடம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அவர்கள் நடத்துகிற திருவிழாவை நாம் காட்டப் போயிருக்கிறோம். நாம்தான் நம் சாமானைத் தண்ணீருக்கு ஏற்றபடி வைக்க வேண்டும். ஆற்றுக்குள் இருக்கிற மேடைக்கு 230 வோல்ட் கொண்டுபோகாமலே வேலை செய்யப் பாருங்கள். பெல்ட்பேக்குக்கு 30 வோல்ட் டி.சி. போதும். நெட்வொர்க்கில் ஓடுகிற ஐ.பி. பேனல் என்றால் நெட்வொர்க் கேபிளிலேயே 48 வோல்ட் அளவில் பவர் கொடுக்கலாம், ஒரு கேபிள் 100 மீட்டருக்குள் இருந்தால் சரி. பெல்ட்பேக்கைப் பாலித்தீன் பையில் போட்டு, வாய் கீழே பார்க்கும்படி கட்டுங்கள். மேல்பக்கம் கட்டினால் தண்ணீர் உள்ளே இறங்கி அங்கேயே நிற்கும். கனெக்டர் சந்திக்கிற இடத்தைத் தரையில் போடாமல் மேடைக் காலில் உயரத்தில் கட்டி, கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றினால் வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். மேடை இரும்புக் குழாயில் கட்டியது என்றால் அதையும் எர்த் பண்ண வேண்டும்.

ஜல்லிக்கட்டில் சிக்கல் வேறு மாதிரி. தைப் பொங்கலுக்கு அவனியாபுரம், மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் என்று மூன்று ஊரிலும் அடுத்தடுத்து வேலை. சாயங்காலம் பிரித்து ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த ஊரில் கட்ட வேண்டும். தூக்கமில்லாத கண்ணோடு கனெக்டர் மாட்டுவார்கள். அங்கேதான் எக்ஸ்.எல்.ஆர். குழப்பம் வரும். பார்ட்டி லைன் கேபிளும் மைக் கேபிளும் பார்க்க ஒன்றேதான். 30 வோல்ட் நிற்கிற இன்டர்காம் கேபிளை மிக்சரின் மைக் இன்புட்டில் சொருகினால் மிக்சர் சேனல் போய்விடலாம். எங்கள் கேபிளின் இரண்டு முனையிலும் மஞ்சள் டேப் சுற்றியிருக்கும். மஞ்சள் டேப் இருக்கிற முனை மஞ்சள் டேப் இருக்கிற துளைக்குள் மட்டும்தான் போகும் என்று புதிதாக வருகிற தம்பிகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம். கலர் பார்த்துச் சொருக அரைத்தூக்கத்திலும் முடியும்.

வாடிவாசலுக்கு இரண்டு பக்கமும் தடுப்பு கட்டியிருப்பார்கள். அதன் வழியே கேபிள் கொண்டுபோனால் வசதி. ஆனால் ஆட்கள் ஏறி நிற்பார்கள், மாடு முட்டும், தடுப்பு அசையும், கேபிள் நசுங்கும். இரும்புத் தடுப்பில் கரண்ட் வயர் நசுங்கினால் தொட்டவர்கள் எல்லாருக்கும் ஷாக். அதனால் தடுப்பில் போவது 30 வோல்ட் இன்டர்காம் லைனும் ஃபைபரும் மட்டும். கரண்ட் வயர் வேறு வழியில், தூண் நட்டு, தலைக்கு மேலே போக வேண்டும். கரண்ட் வயருக்கும் இன்டர்காம் கேபிளுக்கும் குறைந்தது ஓரடி இடைவெளி விட்டு, குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடந்தால் இரைச்சலும் குறையும்.

பார்ட்டி லைன் கேபிள் எங்காவது நசுங்கி 1ஆம் பின் வயரும் 2ஆம் பின் வயரும் ஒட்டிக்கொண்டால் அந்த லைனில் இருக்கிற எல்லாருடைய பேச்சும் ஒரே நேரத்தில் போய்விடும். பதறி ஒவ்வொரு பெல்ட்பேக்காக ஓடாதீர்கள். லைனைப் பாதியில் கழற்றுங்கள். வண்டிப் பக்கம் உயிர் வந்தால் பழுது கழற்றிவிட்ட பாதியில். அதையும் பாதியாக்குங்கள். சீக்கிரமே இடம் அகப்பட்டுவிடும். முடிந்தால் முக்கியமான ஆட்களை இரண்டு தனி லைனில் பிரித்து வைத்தால், ஒன்று போனாலும் இன்னொன்று பேசும். லைனின் முடிவுக்கான 200 ஓம் ரெசிஸ்டர், அதாவது டெர்மினேஷன், ஒரு சேனலுக்கு ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் போட்டால் சத்தம் குறைந்துபோகும், எங்குமே இல்லாவிட்டால் கீச்சென்று கத்தும்.

ஹெட்செட்டின் நான்கு பின்னில் 1ம் 2ம் மைக்குக்கு, 3ம் 4ம் காதுக்கு. சால்டர் வைத்துப் பத்த வைக்கும்போது 1ஐயும் 3ஐயும் சேர்த்துவிட்டால் காதுச் சத்தம் மைக்குக்குள் புகுந்து ஊளையிடும். பேனலில் மைக் வகை டைனமிக்கா எலெக்ட்ரெட்டா என்று கேட்கும். ஹெட்செட்டுக்குப் பொருந்தாமல் வைத்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும், உடனே எல்லாரும் காது வால்யூமை ஏற்றுவார்கள்.

அந்த வால்யூம்தான் சத்தமில்லாமல் ஆளைக் கெடுப்பது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லப்படுகிற அளவு. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். உறுமியும் வேட்டும் ஒலிபெருக்கியும் சேருகிற இடத்தில் ஒற்றைக் காது ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு அதற்கு மேல் கேட்கிற மாதிரி ஏற்றினால் காது என்ன ஆகும்? சத்தமான இடத்தில் நிற்கிறவருக்கு இரண்டு காதையும் மூடுகிற ஹெட்செட் கொடுங்கள். வெளிச்சத்தம் அடங்கினாலே வால்யூமைப் பாதிக்குக் குறைத்துவிடுவார்கள். மைக்கை உதட்டோரத்தில் இரண்டு விரல் தூரத்தில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். ஹெட்செட்டை மாட்டுவதற்கு முன்னால் வால்யூமைக் குறைத்துவிட்டு, மாட்டிய பிறகு ஏற்ற வேண்டும். ஓடுகிற லைனில் புதிதாக ஒரு பெல்ட்பேக் சேர்க்கும்போது 'டப்' என்று வெடிக்கும், அதனால் "லைன்ல சேர்க்குறேன், காதைக் கழட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சேர்ப்பது எங்கள் வழக்கம். என்னோடு வேலை பார்த்த ஒரு மூத்த கேமரா அண்ணனுக்கு இப்போது வலது காதில் ஓயாத ரீங்காரம். பேத்தி பேசுவதைக் கேட்க இடது பக்கம் திரும்பிக்கொள்கிறார். இதைப் படிக்கிறவர்களுக்கு அது வரக்கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

கீகளை வகுப்பதற்கு முன்னால் ஒரு பேப்பரில் யார் யாரோடு பேச வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். டைரக்டர் பேனலில் கேமராக்களுக்கான கீகளும், அறிவிப்பாளர் காதுக்குப் போகிற கீயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடாது. கேமராக்காரரை அவசரத்தில் அதட்டுவது நேரலையில் பேசிக்கொண்டிருக்கிற அறிவிப்பாளர் காதில் விழுந்தால் அவர் தடுமாறிவிடுவார். நடுவில் ஒரு காலி கீ விட்டால் போதும். அநேகப் பேனல்களில் கீயைச் சட்டென்று தட்டினால் திறந்தபடி நிற்கும், அழுத்திப் பிடித்தால் பிடித்திருக்கும் வரை மட்டும் பேசும். திறந்தபடி விட்டுவிட்டு மறந்தால் மூச்சுச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் எல்லார் காதிலும் ஓடி, அவசரப் பேச்சு மூழ்கிப்போகும். டைரக்டரைத் தவிர மற்றவர்களுக்கு அழுத்திப் பிடித்தால் மட்டும் பேசுகிற மாதிரி செட் பண்ணிவிடுகிறேன்.

ஜெனரேட்டர் பார்க்கிற அண்ணனுக்கு ஒரு பெல்ட்பேக் கட்டாயம். பலரும் அவரை விட்டுவிடுவார்கள். கரண்டைப் பற்றிய செய்தி முதலில் அவரிடம்தான் போக வேண்டும், அவர்தான் முதலில் சொல்லவும் வேண்டும். "டீசல் ஊத்தணும், அஞ்சு நிமிஷத்துல மாத்துறேன்" என்று அவர் முன்கூட்டியே சொன்னால் வண்டிக்குள் யாரும் பதற வேண்டாம். அவர் காதுக்குச் சத்தம் அதிகம் என்பதால் பெல்ட்பேக்கின் அழைப்பு விளக்கு கண்ணில் படுகிற மாதிரி, என்ஜினிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

இன்னொன்றும் எங்கள் குழுவில் கண்டிப்பு. 'நிறுத்து' என்ற சொல்லை ஆபத்துக்கு மட்டும்தான் லைனில் சொல்ல வேண்டும். ஷாட்டை முடிக்க 'கட்', கேமராவை அசைக்காமல் இருக்க 'அப்படியே இருங்க'. 'நிறுத்து' என்று யார் சொன்னாலும், அது டீ கொண்டுவருகிற தம்பியாக இருந்தாலும், கிரேன் நிற்க வேண்டும், கரண்ட் வேலை நிற்க வேண்டும், ஏன் என்று அப்புறம் கேட்கலாம். சொன்னவர் தப்பாகச் சொல்லியிருந்தால் யாரும் திட்டக்கூடாது. ஒரு தடவை திட்டினால் அடுத்த தடவை அவன் வாய் திறக்க மாட்டான். பாலமேட்டில் ஒருமுறை கிரேன் கைக்குக் கீழே ஒரு சின்னப் பையன் புகுந்ததைக் கேபிள் பார்க்கிற தம்பிதான் முதலில் பார்த்தான். "நிறுத்து" என்றான், கிரேன் அண்ணன் அப்படியே நிறுத்திவிட்டார். பையன் கூட்டத்துக்குள் ஓடிப்போனான். அந்த ஷாட் கெட்டுப்போனதைப் பற்றி டைரக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிப்பட்ட டைரக்டரோடு வேலை பார்ப்பது பெரிய கொடுப்பினை.

நேரலைக்கு முன்னால் நடக்கிற சோதனையில் 'ஹலோ ஹலோ' போதாது. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, அவர் சொல்கிற பதிலைக் கேட்டு, அவர் பக்கத்துச் சத்தம் எவ்வளவு என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் வந்த பிறகு இன்னொரு தடவை. காலியான ஆற்றில் நன்றாகக் கேட்டது ஜனம் நிறைந்த பிறகு கேட்காது.

பிரிக்கும்போது, கடைசிக் கேமரா இறங்கி, கிரேன் மடங்கி, லைட் கம்பத்திலிருந்து ஆள் இறங்கிய பிறகுதான் மெயின் ஸ்டேஷனை ஆஃப் பண்ணுகிறோம். ஹெட்செட்டின் காதுப் பஞ்சை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவைத்துப் பெட்டியில் போடுங்கள். அடுத்தவர் காதில் சீழ் வந்தால் அதற்குக் காரணம் நாமாக இருக்கக்கூடாது. ஒவ்வொரு பவர் கேபிளின் பிளக்கையும் கையில் எடுத்து மூன்று பின்னும் இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் பின் ஆடினாலோ இல்லாவிட்டாலோ பிளக்கை அங்கேயே வெட்டி எறிந்துவிட்டு, அந்தக் கேபிளுக்குச் சிவப்பு டேப் சுற்றித் தனிப் பையில் போட்டுவிடுகிறோம். புதுப் பிளக் மாட்டி அளந்து பார்க்கும் வரை அது வண்டியில் ஏறாது.